பட்டா நிலத்துக் கருவையை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீமைக்கருவேலத்தை, எங்கள் ஊர்ப் பேச்சில் கருவையை, அகற்றுவது பற்றிய உங்கள் கட்டுரையில் கண்மாய், புறம்போக்கு எல்லாம் வந்தது, பட்டா நிலம் பற்றி ஒரு வரி இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடியிலிருந்து ஏர்வாடி, பெரியபட்டினம் வரை கடலோரத்தில் கருவை மண்டிக் கிடக்கும் இடங்களில் பல, அரை ஏக்கர் ஒரு ஏக்கர்காரர்களின் பழைய பனங்காடு. உரிமையாளர் சென்னையிலோ துபாயிலோ இருப்பார், இல்லையென்றால் அண்ணன் தம்பி நாலு பேர் பெயரில் கூட்டுப்பட்டாவாகக் கிடக்கும்.

இதில் ஒருத்தர் மட்டும் ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கிப் பிரயோஜனமே இல்லை. பக்கத்துத் துண்டில் நிற்கும் கருவையின் காயை ஆடு தின்னும், புழுக்கை விழுந்த இடமெல்லாம் அடுத்த மழைக்கு முளைத்துவிடும். பிடுங்காமல் வெட்டினாலோ தூரிலிருந்தே தழைக்கும். பனையைச் சுற்றி முள் அடைத்துக் கிடந்தால் எந்தப் பனையேறி உள்ளே வருவார்? பத்துப் பனைக்காக அவர் குடும்பத்தோடு வந்து தங்கவும் மாட்டார், வரிசையாகப் பத்துப் பேர் காடு சேர்ந்து கிடைத்தால் வருவார்.

கருவை விறகை விற்பதிலும் இதே கதைதான். கரி மூட்டம் போடுகிறவர்கள் கண்மதிப்பில் மொத்தமாக ஒரு விலை சொல்வார்கள், விறகு எத்தனை டன், தூர்க்கரி என்ன விலைக்குப் போகிறது என்பதெல்லாம் நமக்குத் தெரியவே தெரியாது. தனி ஆளாக நின்று என்ன பேரம் பேச முடியும்?

ஸ்வீடனின் தெற்கே சோத்ரா என்ற சங்கம் 1938 முதல் இருக்கிறது, சொந்தக் காடு வைத்திருக்கும் 50,000 பேருக்கு மேல் அதில் உறுப்பினர்கள். நிலம் அவரவர் பெயரில்தான், ஆனால் மரத்தைச் சங்கம் வாங்கிக்கொள்கிறது, மரக்கூழ் ஆலைகூடச் சங்கத்துக்கே சொந்தம். அவ்வளவு பெரிதாக நமக்கு வேண்டாம். பத்து விவசாயிகள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது. எடை போட்டு விறகு விற்று, அந்தக் காசில் தூரைப் பிடுங்கி, பனங்கொட்டையும் உடைமரமும் வேம்பும் போட்டு, அப்புறம் இரண்டு மூன்று மழைக்காலம் கருவைக் கன்றைக் களையெடுக்க ஆள் வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் தனி ஆளாக யாரும் செய்வதில்லை, கூட்டாக இருந்தால் நடக்கும்.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது நல்ல விஷயம். வெட்டாமல் வைத்திருக்கிறவனுக்கு நாலு காசு வர வழியும் அரசு செய்யட்டும். முதலில் ஒரே ஒரு ஊரை எடுத்து, வருவாய்த்துறை தன் நிலக் கணக்கான அடங்கலைப் பார்த்துப் பட்டாதாரர்களைக் கூட்டட்டும், வெளியூரில் இருப்பவர்களிடமும் கூட்டுப்பட்டாக்காரர்களிடமும் சம்மதம் வாங்கும் முறையை எளிதாக்கட்டும். உங்கள் அடுத்த கட்டுரையில் இதைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஏர்வாடிப் பக்கத்துப் பனங்காட்டுப் பட்டாதாரர் ஒருவர்