புரதத்தோட வடிவம் வேற, வேலை வேற

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பேப்பர்ல வந்த ஏஐ கட்டுரைய வாசிச்சேன், நல்லாத்தான் எழுதியிருக்காங்க, ஆனா 2024ல கெமிஸ்ட்ரி நோபல் எடுத்துக் குடுத்த ஆல்பாஃபோல்ட்ங்கிற ஏஐ எல்லா புரதமும் என்ன வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சிருச்சுன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அது பிழை. அத உருவாக்கின ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் பரிசு கிடைச்சது புரதத்தோட வடிவத்த கணிச்சதுக்கு. தொழிற்பாடு வேற சங்கதி. நான் ஹட்டன் பக்கம் ஏ.எல் பயோ படிப்பிக்கிறவன், என்கிட்ட படிக்கிற பிள்ளை ஒண்ணு அந்த வரிய அப்படியே அசைன்மென்ட்ல எழுதியிருந்திச்சு, நான் சிவப்புக் கோடு போட்டதும் பேப்பர வெட்டிக் கொண்டாந்து "சேர், பேப்பர்லயே போட்டிருக்காங்களே"ன்னு கேக்குது. நான் என்னத்த சொல்ல.

புரதம்ங்கிறது 20 வகை அமினோ அமிலத்த மணி மாதிரி கோத்த சரம், ஒவ்வொரு வகைக்கும் ஒரு எழுத்து வச்சு எழுதுவாங்க. அந்த வரிசைய வாசிக்கிறது இப்ப லேசு, என்ன வேலை செய்யுதுன்னு லேப்ல பாக்கிறதுக்குத்தான் மாசக்கணக்கு, வருசக்கணக்கு ஆகும். சுவிஸ்-புரொட்ங்கிற தொகுப்புல ஆட்களே ஒக்காந்து சரிபாத்தது 5 லட்சத்து 70 ஆயிரம் சொச்சம், ஆல்பாஃபோல்ட் 2022ல வடிவம் போட்டுக் குடுத்ததோ 20 கோடிக்கு மேல. மத்ததுக்கெல்லாம் பேர் வச்சது பெரும்பாலும் முகஜாடை பாத்துத்தான். 1990ல வந்த பிளாஸ்ட்ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் செய்யுறது அந்த வேலைதான், தெரிஞ்ச புரதத்தோட வரிசை ஒத்துப்போனா இதுவும் அந்த வீட்டுப் பிள்ளைன்னு சொல்லும், தூரத்து சொந்தம்னா முழிக்கும்.

உதாரணங்கள பாத்துப் பாத்து தானே பழகுற டீப் லேர்னிங்ங்கிற ஏஐ முறை வந்தது அங்கதான். ஈஎஸ்எம் மாதிரி ஏஐ மாடலுக்கு கோடிக்கணக்கான வரிசைய குடுத்து, நடுவுல சில எழுத்த மறைச்சு, என்னன்னு சொல்லுன்னு திரும்பத் திரும்ப கேப்பாங்க, நாம சின்ன வகுப்புல செஞ்ச கீறிட்ட இடம் நிரப்புறதேதான். நிரப்பி நிரப்பி எந்த எழுத்து எதோட சேந்து மாறும்னு அதுக்கு பிடிபட்டுரும். பொறகு வேலை தெரிஞ்ச புரதங்கள காட்டிப் பழக்குனா, புதுசா ஒண்ணு வந்தா இது நொதியமா (என்சைம்), கலத்துல எங்க இருக்கும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க் போடும். 0.9னு போட்டாலும் ஊகம்தான். இப்படி வேலைய கணிக்கிறதுக்கு காஃபான்னு 2010ல இருந்து ஒரு போட்டியே நடக்குது, கணிச்ச பதில வாங்கி வச்சுக்கிட்டு, லேப் முடிவுகள் வரும்வரைக்கும் காத்திருந்து திருத்துறாங்க, ஏ.எல் ரிசல்ட்டுக்கு நாம காத்துக் கெடக்கிற மாதிரி.

நம்ம தேயிலையவே எடுங்க. அப்பா தேயிலை ஸ்டோர்ல வேலை செஞ்ச காலத்துல போய் பாத்திருக்கேன், ரோலர்ல அரைச்ச கொழுந்த பரப்பி வச்சா பச்சை மெல்ல மெல்ல செம்பு நிறத்துக்கு வரும், அந்த வாசம் இன்னும் மூக்குல நிக்குது. அத செய்யுறது பொலிபீனோல் ஒக்சிடேஸ்ங்கிற நொதியம், அதுக்குள்ள ரெண்டு செம்பு அணு, அத பிடிச்சுக்கிட்டு ஹிஸ்டிடின்ங்கிற அமினோ அமிலம் ஆறு (கொழுந்துல தெரியுற செம்பு நிறம் இந்த செம்பு அணுவோட நிறமில்ல, பிள்ளைகள் குழப்பிக்குவாங்க). இந்த மாதிரி அடையாளம் வரிசையில இருந்தா மாடலுக்கு லேசு. கஃபீன் செய்யுற நொதியத்துகிட்டதான் மாடல் மாட்டும். அந்த நொதியம் தியோபுரோமின்ங்கிற பொருளோட மெதைல்ங்கிற சின்ன அணுக்கூட்டம் இன்னொண்ண சேத்து கஃபீன் ஆக்குது, தேயிலைக்கு சொந்தக்கார செடி ஒண்ணுல உள்ள நொதியம் பாத்தா ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும், ஆனா தியோபுரோமினோட நின்னுரும். இந்த வித்தியாசத்துக்கு ஒரே ஒரு அமினோ அமிலம் போதும்ங்கிறத லேப்ல எழுத்த மாத்தி மாத்திப் பாத்துத்தான் கண்டாங்க.

தலவாக்கலையில தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1925ல தொடங்கினது, இப்படி கட்டுரை போட முன்னுக்கு அங்க யாருகிட்டயாவது ஒருக்கா காட்டினா என்ன ஐயா? இப்போதைக்கு அந்த ஒரு வரிக்கு வர்ற ஞாயிறு சின்னதா திருத்தம் போட்டா போதும். அதையும் வெட்டி அந்தப் பிள்ளைகிட்ட குடுக்கணும், அசைன்மென்ட்டுக்கு இன்னும் மார்க் போடல.

இப்படிக்கு,
ஒரு பயோ சேர்,
ஹட்டன்.