படித்ததும் கேட்டதும் ஒரே ஏட்டில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசிப்புப் பழக்கம் குறைந்து வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அவ்வப்போது கடிதங்கள் வருகின்றன. அவற்றுள் பல கைப்பேசியைப் பழிப்பதோடும் புத்தகங்களின் விலையை எண்ணிப் பெருமூச்சு விடுவதோடும் நின்றுவிடுகின்றன. படித்ததை நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்விக்கு அவை வருவதில்லை. படித்த நூலையும் கேட்ட இசையையும் பற்றித் தமக்காகவே நாலு வரி எழுதி வைக்கும் வழக்கத்தை, விட்டவர்கள் மீண்டும் தொடங்க வேண்டும், இளையவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டும், அதற்கு நூலகங்களும் நாளிதழ்களும் சிறிது இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கல்லூரி நாட்களில் குறிப்பெழுதும் வழக்கம் எனக்கு இருந்தது. வேலையும் குடும்பமும் வந்த பிறகு நின்றுபோயிற்று. ஓய்வுக்குப் பின் மறுபடி எழுத உட்கார்ந்தபோது பழைய நோட்டுகளைத் தொடராமல் புதிய ஏடு ஒன்றை எடுத்துக்கொண்டேன். முன்பெல்லாம் படித்த நூல்களுக்கு ஒரு நோட்டு, கச்சேரியில் கேட்ட பாடல்களுக்கு ஒரு நோட்டு, சொந்தமாக எழுதிப் பார்ப்பதற்கு ஒரு நோட்டு என்று தனித்தனியே வைத்திருந்தேன். இப்போது மூன்றும் ஒரே ஏட்டில் நாள்வாரியாக ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அற்பமான மாற்றம்தான் என்றாலும் அதனால் விளைந்தது அற்பமாக இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். திருஞானசம்பந்தர் சீர்காழியில் பாடிய முதற் பதிகமாகிய ‘தோடுடைய செவியன்’ என்பதற்குப் பண், அதாவது பழந்தமிழ் இசையின் இராகம், நட்டபாடை என்று தேவாரப் பதிப்புகளில் அச்சிட்டிருக்கும். பள்ளிப் பருவத்திலிருந்து அதைப் பார்த்து வந்திருந்தும், பண்ணின் பெயரை நான் நூலின் பக்க எண்ணைப் போலத்தான் கடந்து போயிருக்கிறேன். நட்டபாடையை ஓதுவார்கள் இன்று கம்பீரநாட்டை இராகத்தில் பாடுகிறார்கள் என்று ஒருநாள் என் ஏட்டில் குறித்து வைத்தேன். சில பக்கங்கள் தள்ளி, கோயில் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் கேட்ட மல்லாரியைப் பற்றி எழுத நேர்ந்தது. மல்லாரியும் மரபாகக் கம்பீரநாட்டையில் வாசிக்கப்படுவதுதான். புத்தகத்தில் படித்த பதிகமும் தெருவில் நின்று கேட்ட நாகசுரமும் ஒரே இராகத்தில் சேர்வதை, இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதியிராவிட்டால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். தேவாரத்தைப் பண்முறையாகவும் பதிப்பித்திருக்கிறார்கள், தலமுறையாகவும் பதிப்பித்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் படிப்பவர்க்கு ஒன்று, இசையோடு படிப்பவர்க்கு மற்றொன்று என்று நம் முன்னோர் இரண்டு வழிகளையும் திறந்து வைத்திருக்க, நாம் பொருளுரையை மட்டும் படித்துவிட்டு நூலை மூடிவிடுகிறோம்.

பாட்டின் பக்கத்தில் எழுதி வைத்த இரண்டு வரிக் குறிப்பு எத்தனை நூற்றாண்டு தாங்கும் என்பதற்குச் சங்க நூலான பரிபாடலைக் காட்டலாம். எழுபது பாடல்கள் கொண்டதாகச் சொல்லப்படும் அந்நூலில் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22 பாடல்களே. உ. வே. சாமிநாதையர் 1918-ஆம் ஆண்டு அதைப் பதிப்பித்தார். பாடல்கள் பலவற்றின் இறுதியில், பாட்டு இயற்றியவர் இன்னார், அதற்கு இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது என்று ஒரு குறிப்பு இருக்கிறது. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பண்களின் பெயர்கள் அங்கே வருகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசை வகுத்தவராக மருத்துவன் நல்லச்சுதனார் என்பவரின் பெயர் காணப்படுகிறது. அவர் வகுத்த மெட்டு நம்மிடம் இல்லை. ஆனால், மருத்துவன் என்று அழைக்கப்பட்ட ஒருவர் பிறர் பாட்டுக்கு இசையமைத்தார் என்ற செய்தி, யாரோ ஒருவர் ஓலையில் அதை எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. திரைப்பாடல்களை ஒலிபரப்பும்போது பாடலாசிரியர் பெயரைக்கூட விட்டுவிடும் வானொலி நிலையங்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இலக்கியம் படிப்பவர்க்கு இசை இடையூறு என்னும் எண்ணம் இன்றைக்குத் தோன்றியதன்று. உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்பதற்காக 1871-ஆம் ஆண்டு மாயவரத்துக்கு, அதாவது இன்றைய மயிலாடுதுறைக்கு, வந்தபோது, அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்கத் தொடங்கினார். சாமிநாதையரின் தந்தையார் கனம் கிருஷ்ணையரிடம் பயின்ற சங்கீத வித்துவான். ஆகவே அந்த ஆசை குடும்பத்தோடு வந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இது தெரியவந்தது. சங்கீதத்தில் மனம் சென்றால் இலக்கண இலக்கியத்தில் கருத்து ஊன்றாது என்பது அவர் எண்ணம். மாணவர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். ஆசிரியர் பிள்ளையின் தமிழுக்கு முன் எதையும் விட்டுக்கொடுக்கச் சித்தமாயிருந்தவர் அவர் என்பதால் அந்த முடிவில் வியப்பில்லை.

வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. அதே பிள்ளையிடம் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்கு, நூலைச் சிறப்பித்து முகப்பில் வைக்கும் பாட்டாகிய சிறப்புப் பாயிரம் கேட்டு வந்திருக்கிறார். நூலில் இலக்கண வழுக்கள் இருப்பதால் தர மனமில்லாமல் பிள்ளை நாட்களைக் கடத்தினார் என்றும், பாரதியார் பாடியதைத் தம் காதால் கேட்ட பிறகே உள்ளம் உருகிப் பாயிரம் எழுதித் தந்தார் என்றும் சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். ஏட்டில் படித்தபோது வழுவாகத் தெரிந்தது, செவிவழி வந்தபோது பெரும்புலவரையே கலங்க வைத்தது. வாசிப்பதையும் கேட்பதையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட வலிய சான்றை நான் தேடப் போவதில்லை.

இசையை விட்டுவிட்ட அந்த மாணவர் அதை முற்றாக விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண்பது வயதைக் கடந்த பிறகு அவர் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் என்னும் இசைவாணர் மூவரின் வரலாறுகளை எழுதினார். தம் வாழ்க்கை வரலாற்றை 1940-இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கி, 1942-இல் மறைகிற வரையில் எழுதிக்கொண்டிருந்தார். பாரதியாரின் தோற்றம், பழக்கவழக்கம், வாழ்ந்த விதம் ஆகியவற்றைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்த எழுத்தால் வந்தது. முதுமையில் எழுதத் தொடங்கி என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் என் வயதொத்தவர்களுக்கு இதை நினைவூட்டுகிறேன். நாம் யாரும் சாமிநாதையர் ஆகிவிட மாட்டோம் என்பது எனக்கும் தெரியும். ஆயினும் நம் ஊர் ஓதுவாரையும் தவில் வித்துவானையும் பற்றி நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

மாயவரத்தைச் சொல்லும்போது வேதநாயகம் பிள்ளையை விட்டுவிட முடியாது. 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தமிழின் முதல் நாவல் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றியவரும், மாயவரத்தில் முன்சீப்பாக இருந்து வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதியவரும் அவர்தாம். கச்சேரிகளில் அவருடைய கீர்த்தனையைக் கேட்டுத் தலையாட்டும் இரசிகர்களில் எத்தனை பேர் அவர் நாவலைப் படித்திருப்பார்கள், நாவலைத் தேர்வுக்குப் படிப்பவர்களில் எத்தனை பேர் அவர் கீர்த்தனையைக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், ஒருவரையே இரண்டு ஆட்களாக்கி இரண்டு அலமாரிகளில் பூட்டி வைத்திருக்கிறோம் என்பது விளங்கும்.

எழுதத் தொடங்க விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி, எனக்கு இராகம் தெரியாதே, விமரிசனம் எழுத வராதே, என்ன எழுதுவது என்பதுதான். இராகம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதலாம். எந்த ஊர், எந்தச் சபா அல்லது கோயில், பாடியவர் யார், பக்கவாத்தியம் வாசித்தவர்கள் யார், எந்த அடியை எடுத்துப் பலவிதமாக விரித்துப் பாடி நிரவல் செய்தார்கள், முன்பு கேட்ட எந்தப் பாட்டை அது நினைவுக்குக் கொண்டுவந்தது என்பவை போதும். சபாக்களில் மடியில் சிறு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு பாட்டின் பெயரையும் இராகத்தின் பெயரையும் வரிசையாக எழுதும் இரசிகர்களை எல்லோரும் பார்த்திருப்போம். அவர்கள் அந்தப் பட்டியலுக்குக் கீழே, தம் மனத்தில் பட்டதை இரண்டு வாக்கியம் சேர்த்து எழுதினால் அது வேறொரு பொருளாகிவிடும். நூலுக்கும் இதுவே பொருந்தும். கதைச் சுருக்கம் பின்னட்டையிலேயே இருக்கிறது. எந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் எங்கும் இருக்காது.

எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்துவிடலாமே, எழுதுவது எதற்கு என்று என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒலிப்பதிவில் பாடகர் பாடியது இருக்கும். தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கூட்டத்தில் பாதி சிற்றுண்டிச் சாலைக்கு எழுந்து போனதும், போகாமல் அமர்ந்திருந்த ஒரு முதியவர் தொடையில் தாளம் போட்டுக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததும் அதில் இருக்காது.

இனி வேண்டுகோள். நம் மாநிலத்தில் 1948-ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலாவது என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அந்தச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்தி வருகிறோம். பெருநகரங்களில் எழுந்துள்ள பெரிய நூலகங்களை நான் குறை கூறவில்லை. என் கவலை கிளை நூலகங்களைப் பற்றியது. அங்கே காலையில் நாளிதழ் படிக்க வருகிறவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பயன்படுவது நல்லதே. வாசகர் வட்டம் என்ற அமைப்பும் பல கிளைகளில் இருக்கிறது. அதன் கூட்டம், சிறப்பு விருந்தினர் பேசப் பிறர் கேட்டுக் கைதட்டுவது என்ற அளவில் முடிந்துவிடாமல், மாதம் ஒருமுறை ஒரு வாசகர் தம் ஏட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படிப்பதும், அதில் வரும் பாட்டை உடனே ஒலிக்கச் செய்து எல்லோரும் கேட்பதும் என்று ஓர் அரை மணி நேரத்தை ஒதுக்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. ஓர் ஒலிபெருக்கியும் நூலகரின் மனமும் போதும். அருகிலுள்ள கோயில் ஓதுவாரையோ இசைப்பள்ளி மாணவரையோ அழைத்து நேரிலேயே பாடச் சொன்னால் இன்னும் நன்று. அவர்களுக்குச் சிறிய தொகையாவது கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. கலைஞர்களை இலவசமாக அழைப்பதைப் பெருமையாக நினைக்கும் பழக்கம் நம்மிடையே நிறைய இருக்கிறது.

பழைய குறிப்பேடுகளைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுப் பெரியவர் மறைந்தபின் அலமாரியைக் காலி செய்யும்போது நாட்குறிப்புகளும் கச்சேரிக் குறிப்புகளும் எடைக்குப் போய்விடுகின்றன. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு முதல் எழுதிவந்த நாட்குறிப்பு இன்று பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றுக்கு இன்றியமையாத ஆவணமாக இருக்கிறது என்பதை எல்லோரும் அறிவோம். எல்லார் வீட்டு நோட்டும் அப்படி ஆகும் என்று சொல்லவரவில்லை. எனினும் எடைக்குப் போடுமுன் ஒருவர் உட்கார்ந்து புரட்டிப் பார்க்கலாம். மாவட்ட மைய நூலகங்கள் அத்தகைய ஏடுகளைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு பெற்று ஓர் அலமாரியில் வைத்தால், உள்ளூர் வரலாறு எழுதுவோர்க்கு அது உதவும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு விண்ணப்பம். வாரம் ஒருநாள் வாசகர் பக்கத்தில் ஓர் அரைப் பத்தியை இத்தகைய குறிப்புகளுக்கு ஒதுக்குங்கள். நூல் மதிப்புரைக்கும் இசை விமரிசனத்துக்கும் தனித்தனியே பக்கங்கள் இருப்பதை அறிவேன். நான் கேட்பது அவை இரண்டிலும் சேராதது: ஒரு வாசகர் அந்த வாரம் எதைப் படித்தார், எதைக் கேட்டார், இரண்டும் எங்கே தொட்டுக்கொண்டன என்பதை நூறு சொற்களுக்குள் சொல்லும் குறிப்பு. பரிசு வேண்டாம், படம் வேண்டாம். பிழைகளைத் திருத்தி வெளியிட்டால் போதும். முதல் வாரத்துக்குக் குறிப்பு கிடைக்காமல் தாங்கள் இடர்ப்பட நேராது. சீர்காழிப் பதிகத்தையும் மல்லாரியையும் பற்றிய என் பக்கத்தைத் தனித்தாளில் படியெடுத்து இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மயிலாடுதுறை