வள்ளம் வந்துருச்சா?

தங்கச்சிமடம்
தவக்காலம் மூன்றாம் வாரம், வியாழன்

அன்புள்ள சூசை,

இயேசுவுக்கே புகழ். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் கண்ணைச் சொருகுகிறது. காரணம் பிறகு சொல்கிறேன். திருப்பூரில் பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா? இங்கே மகன் விசைப்படகில்தான் போகிறான். ஏப்ரல் 15 வந்தால் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதற்குள் கடனில் பாதியாவது அடைக்க வேண்டுமென்று அலைகிறான். நான் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னுகிறேன்.

"இந்த வருஷமும் நாற்பது நாளும் ஒருசந்தியா?" என்று கேட்டிருந்தாய். கேலிதானே? சரி, ஒருவேளைச் சாப்பாட்டோடு நிற்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டுதான். திருச்சபை கட்டாயமாகக் கேட்பது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். அதுவும் 18 வயதிலிருந்து 59 வயது நிறையும்வரைதான். எனக்கு இப்போது 63. "உங்களுக்குக் கட்டாயமில்லை" என்று சாமியார் சொன்னபோது, படகை விட்டு இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. வீம்புக்கே விடாமல் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை சுத்தபோசனமோ நமக்கு ஒரு கஷ்டமே இல்லை. இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும். நகரைக் குழம்பை ஊற்றி ஒரு பிடி பிடித்துவிட்டு சிலுவைப்பாதைக்குப் போகிற ஊர் நம் ஊர். ஓரியூர் அருளானந்தரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. போர்ச்சுக்கல் லிஸ்பனில் இளவரசனோடு வளர்ந்த மனுஷன், இங்கே வேதம் போதிக்க வந்து, பண்டாரசாமி என்கிற துறவியாகக் காவி கட்டி மீனையும் இறைச்சியையும் சேர்த்தே விட்டார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அவர் தலை வெட்டுப்பட்டு விழுந்ததைச் சொல்லித்தான் நாம் அங்கே செம்மண்ணை அள்ளி வருகிறோம். அதற்கு முன் வருஷக்கணக்கில் அவர் தின்ற வெறுஞ்சோறு நம் பேச்சிலேயே வருவதில்லை.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு நினைவு தப்பிப்போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "வள்ளம் வந்துருச்சா? போனவுக வந்துட்டாகளா?" என்று கேட்பாள். அப்பா செத்து இருபத்தாறு வருஷம். "வந்துட்டாக, குளிச்சிக்கிட்டு இருக்காக" என்று பதில் சொன்னால்தான் படுப்பாள். அரைமணி கழித்து மறுபடியும் கேட்பாள்.

இது எனக்குத் தெரியவந்ததே திருநீற்றுப் புதனுக்கு மறுநாள்தான். அன்றைக்குப் பசியில் தூக்கம் வரவில்லை. உன் தங்கச்சி இருட்டில் எழுந்து போய், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ இப்போதுதான் நடந்த சேதி போல "வந்துட்டாக அத்தே" என்கிறாள். காலையில் கேட்டேன். ஒன்றரை வருஷமாக இப்படித்தானாம். "உங்கள எழுப்பி என்னத்துக்கு?" என்றாள். அப்படி ராத்திரி முழுக்க விழித்தவள்தான், பகலில் என் ஒருசந்திக்கென்று தனியாகக் கஞ்சியும் துவையலும் செய்திருக்கிறாள். கஞ்சி ஆறிப்போனதென்று முந்தின நாள் நான் எரிந்து விழுந்திருந்தேன். சூசை, என் தபசுக்கு அடுப்பில் உலை வைத்ததெல்லாம் அவள்.

அன்றிலிருந்து ராத்திரி முறை என்னுடையது. தனிக் கஞ்சி கிடையாது, எல்லோருக்கும் வடித்ததில் நானும் ஒரு தட்டு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கும் இந்த முறை போகவில்லை. அதை யாரிடமும் சொல்லக்கூடாதென்று நினைத்தேன், இதோ உன்னிடம் சொல்லிவிட்டேன் பார். அக்கம்பக்கத்தார் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் சிலுவையைச் சுமக்கும் வசனம் வாசித்தார்கள். லூக்காவில் மட்டும் 'நாள்தோறும்' என்று ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது, மத்தேயுவிலும் மாற்கிலும் இல்லை. ராத்திரியையும் சேர்த்துத்தான் சொன்னாரோ என்னவோ.

புண்ணியவான் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. மூன்றாவது தடவை கேட்கும்போது, "அப்பா செத்துட்டாரும்மா" என்று ஒருநாள் கத்திவிட்டேன். புதிதாகக் கேள்விப்பட்டது போல ஒப்பாரி வைத்தாள். தெருவே எழுந்துவிட்டது. மறுநாள் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கத்தியதைச் சொன்னேன். "குளிச்சிக்கிட்டு இருக்காக" என்கிற பொய்யைச் சொல்லவில்லை. அது பாவக்கணக்கில் வராதென்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

தடைக்காலத்தில் ஒருதரம் வந்து போ. அம்மாவுக்கு உன்னைத் தெரியும். நேற்று ராத்திரி அப்பாவை விட்டுவிட்டு உன்னைக் கேட்டாள்: "அந்தச் சூசைப் பய பத்தாப்பு பாசாயிட்டானா?" முதல் தடவையே பாஸ் என்று சொல்லியிருக்கிறேன். நேரில் வந்து காரியத்தைக் கெடுத்துவிடாதே.

உன்
மிக்கேல்