சேலத்து வியாபாரச் சங்கங்களுக்கு: நாம் வாங்க நினைக்கும் பங்கும் மாதாமாதம் கட்டும் பணமும்

சேலம் மாவட்ட வியாபாரிகள், உற்பத்தியாளர்கள் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டையில் வெகுகாலமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கொலுசுப் பட்டறை, இளம்பிள்ளைச் சேலை, மாம்பழ மண்டி, ஏற்காட்டில் அறை வாடகைக்கு விடுபவர்கள் என்று உங்கள் உறுப்பினர்கள் பலருடைய ஜி.எஸ்.டி. கணக்கு என் கையால்தான் தாக்கலாகிறது. சமீபகாலமாக, ரசீதுக் கட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "மெட்டா ஷேர் வாங்கிப் போடலாங்களா?" ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் சொந்தக்காரக் கம்பெனி அது. "மாசாமாசம் அவனுக்கு விளம்பரக் காசு கட்டறோம், லாபத்துல கொஞ்சம் நமக்கும் வரட்டுமே" என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் பதில் சொல்ல உட்கார்ந்தால் அது தனி ஆளோடு முடிகிற விஷயமாக இல்லை. சங்கம் பேசவேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் பங்கு. நான் செபியில் (பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. பொதுவில் கிடைக்கும் கணக்கை வைத்துச் சொல்கிறேன். 2024-ல் மெட்டாவின் வருமானம் ஏறத்தாழ 16,450 கோடி டாலர். வரி போக நின்ற லாபம் 6,236 கோடி டாலர். நூறு டாலர் வியாபாரத்தில் கிட்டத்தட்ட 38 டாலர் கையில் நிற்கிறது. கூலிக்குக் கொலுசு செய்து கொடுக்கும் பட்டறைக்காரரிடம் இந்த விகிதத்தைச் சொன்னால் நம்பவே மாட்டார். அவ்வளவு நல்ல தொழில் அது. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

அப்புறம் ஏன் யோசிக்கச் சொல்கிறேன் என்றால், 2022 பிப்ரவரி 3-ம் தேதி ஒரே நாளில் அந்தப் பங்கு 26 சதவீதம் விழுந்தது. 23,000 கோடி டாலருக்கு மேல் சந்தை மதிப்பு அன்றைக்குக் காணாமல் போனது. முக்கியமான காரணங்களில் ஒன்று ஆப்பிள். ஐபோனில் ஒரு செயலி நம்மை மற்ற இடங்களிலும் பின்தொடர வேண்டுமானால் நம்மிடம் அனுமதி கேட்டாக வேண்டும் என்று 2021-ல் ஆப்பிள் விதியை மாற்றியது. அந்த ஒரு மாற்றத்தால் 2022-ல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே சொன்னது. அந்த வருஷம் முடிவதற்குள் பங்கு விலை முன்பிருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகமாகச் சுருங்கியது. மறுவருஷமே ஏறத்தாழ மூன்று மடங்காக ஏறியது. ஏறியது உண்மை; ஆனால் விழுந்த வருஷத்தில் மகள் கல்யாணம் வந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

பங்குதாரர்களின் ஓட்டு விஷயமும் இருக்கிறது. மார்க் ஜுக்கர்பெர்க் கையில் இருக்கும் தனிவகைப் பங்கு ஒன்றுக்குப் பத்து ஓட்டு. கம்பெனியில் அவருடைய பங்கு ஏழில் ஒன்றுக்கும் குறைவுதான், ஓட்டு பாதிக்கு மேல். மற்ற எல்லோரும் ஒன்றுசேர்ந்து கை தூக்கினாலும் அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மெய்நிகர் உலகத்துக்கென்று (விர்ச்சுவல் ரியாலிட்டி) ஒரு பிரிவு வைத்திருக்கிறார்; 2024-ல் மட்டும் அதில் 1,770 கோடி டாலர் நஷ்டம். நிறுத்தச் சொல்லப் பங்குதாரர்களால் முடியவில்லை. ஸ்னாப்சாட்டை நடத்தும் ஸ்னாப் கம்பெனி ஒரு படி மேலே போய், 2017-ல் பொதுமக்களுக்கு ஓட்டே இல்லாத பங்கை விற்றது. 17 டாலருக்கு வந்த அந்தப் பங்கு 2021-ல் 80 டாலரைத் தாண்டி, அடுத்த வருஷமே 10 டாலருக்குக் கீழே போனது. ஒரு காலத்தில் எல்லோரும் இருந்த சமூக வலைத்தளம் ஆர்குட்டை நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டோம். 2014 செப்டம்பர் 30-ம் தேதி கூகுள் அதை மூடியது. அதேபோன்ற இன்னொரு தளமான மைஸ்பேஸ் 2005-ல் 58 கோடி டாலருக்கு விலை போய், 2011-ல் மூன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியது.

ஆக, கேட்பவர்களுக்கு நான் சொல்வது: வேண்டுமென்றால் நாஸ்டாக் 100 (அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் உள்ள நூறு பெரிய கம்பெனிகளின் பட்டியல்) போன்ற குறியீட்டு ஃபண்ட் வழியாக, பல கம்பெனிகளோடு சேர்த்து, கொஞ்சமாக வாங்குங்கள். ஓய்வுக்காலப் பணத்தை ஒரே கம்பெனியில் போடாதீர்கள். நேரடியாக அமெரிக்கப் பங்கு வாங்கியவர்கள் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்டியே ஆகவேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு கெடு முடிகிற நேரத்தில் ஓடிவருகிறார்கள்.

இனிதான் நான் எழுத வந்த விஷயம். அந்த 38 டாலர் எங்கிருந்து வருகிறது? மெட்டாவின் வருமானத்தில் நூற்றுக்கு 97-க்கு மேல் விளம்பரம். உங்கள் பேரேட்டில் "விளம்பரச் செலவு" என்ற தலைப்பைப் புரட்டிப் பாருங்கள். ஒரு காலத்தில் அதில் நோட்டீஸ், பேனர், கோயில் திருவிழா மலர் என்று இருக்கும். இப்போது பல கணக்குகளில் "பூஸ்ட்" போட்ட (பதிவு அதிகம் பேருக்குப் போகக் காசு கட்டிய) தொகையும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான் பக்கம் முழுக்க. கடை வாடகையைத் தாண்டிவிட்ட கணக்குகளும் இருக்கின்றன. காசு கட்டாத ரீல்ஸ் முன்பு போல ஆட்களிடம் போய்ச் சேர்வதில்லை என்று கட்டுகிறவர்களே சொல்கிறார்கள்.

இளம்பிள்ளையில் சேலை விற்கும் ஒரு அம்மாவின் கணக்கை எழுதுகிறேன். வீட்டு முன்னறைதான் கடை. ரிங் லைட்டுக்கு முன்னால் நின்று முந்தானையை விரித்து, பார்டரைத் திருப்பிக் காட்டி, "சிங்கிள் பீஸும் கூரியர் உண்டுங்க" என்று சொல்லி, பக்கத்துத் தறிக்காரர்கள் நெய்ததை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு தீபாவளிக்கு முன்னால் அவருடைய பக்கம் முடங்கியது. விதியை மீறியதாக ஒரு வரி வந்தது; எந்த விதி, எந்த வீடியோ என்று இல்லை. மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்தினார். தானியங்கிப் பதில் வந்தது. நேரில் போய்க் கேட்க ஆபீஸ் கிடையாது, பேச மனிதர் கிடையாது. வாடிக்கையாளர்களின் முகவரியும் ஆர்டரும் அந்தக் கணக்கின் சாட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. கடனுக்கு எடுத்த சேலைகள் அட்டைப்பெட்டியோடு கூடத்தில் அடுக்கியிருந்ததை நான் பார்த்தேன். கடைசியில் பெரிய கடை ஒன்றுக்கு அசலுக்கும் கீழே தள்ளிவிட்டார். பண்டிகை முடிந்தபிறகு பக்கம் திரும்பி வந்தது. ஏன் போனது, ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியாது. முடங்குவதற்கு முந்தின நாட்களின் விளம்பர பில்லை நான்தான் பேரேட்டில் ஏற்றினேன்.

இந்தத் தளங்கள் வராமல் இருந்தால் அந்த அம்மாவுக்கு வியாபாரமே இருந்திருக்காது. அதுவும் சரிதான். அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடிக்க வழியில்லாத எத்தனையோ பெண்களுக்கு அவை சந்தையைத் திறந்துவிட்டன. நன்றியை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தையின் கதவை எப்போது சாத்துவது, எவ்வளவு வசூலிப்பது என்பதெல்லாம் ஒரே கையில் இருக்கிறது. வேறு போக்கிடம் நமக்கு இல்லை என்பதுதான் அந்த லாபத்துக்கு ஆணிவேர். பங்கு நல்ல பங்காக இருப்பதும் நாம் கட்டுண்டு கிடப்பதும் ஒரே காரணத்தால்தான். இதை உணராமல் பங்கு மட்டும் வாங்கினால், நாம் கட்டும் தொகையில் நூற்றில் ஒரு காசுகூட டிவிடெண்டாகத் திரும்பி வராது.

அபராதம் போட்டால் அடங்குவார்களா? 2024 நவம்பரில், சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாட்ஸ்அப் 2021-ல் புதிய தனியுரிமைக் கொள்கையை, ஏற்றால் இரு இல்லாவிட்டால் போ என்று திணித்ததற்காக. விசாரணைக்கு உத்தரவிட்டது 2021 மார்ச். தீர்ப்புக்கு மூன்றரை வருஷத்துக்கு மேல். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை உறுதி செய்தது. விளம்பரத்துக்காக வாட்ஸ்அப் தரவை மெட்டாவின் மற்ற கம்பெனிகளோடு பகிர ஆணையம் போட்டிருந்த ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. 213 கோடி பெரிய தொகையாகத் தெரிகிறதா? மெட்டாவின் 2024 லாபத்தை ரூபாயில் மாற்றி மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தேன். நாலு மணி நேரத்து லாபம்கூட இல்லை. 2019-ல் அமெரிக்காவில் 500 கோடி டாலர் அபராதம் வரப்போகிறது என்று செய்தி கசிந்த அன்று பங்கு விலை ஏறியது.

அதே 2025 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று மெட்டா ஏகபோக நிறுவனம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. டிக்டாக்கும் யூடியூபும் கடும் போட்டி கொடுப்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமான காரணம். அமெரிக்காவுக்கு அது பொருந்தலாம். நம் நாட்டில் டிக்டாக் 2020 ஜூன் 29-ம் தேதியே தடை செய்யப்பட்டுவிட்டது. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. இளம்பிள்ளையில் வீடியோ போட்டு விற்பவருக்கு இன்று பெரும்பாலும் மிஞ்சியிருப்பது மெட்டாவும் கூகுளின் யூடியூபும்தான். அந்தத் தீர்ப்பைக் காட்டி இங்கேயும் பிரச்சினை இல்லை என்று யாராவது சொன்னால் நாம்தான் எழுந்து பதில் சொல்லவேண்டும்.

மோசடி விளம்பரத்தையும் விட முடியாது. 2024 வருமானத்தில் சுமார் பத்து சதவீதம் மோசடி, தடைசெய்யப்பட்ட பொருட்கள் ஆகியவற்றின் விளம்பரங்களிலிருந்து வரும் என்று மெட்டாவின் உள் ஆவணங்களே கணித்ததாக 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அது மிகையான உத்தேசக் கணிப்பு என்று கம்பெனி மறுத்தது. பாதியாகவே வைத்துக்கொள்வோம். பங்குச்சந்தை டிப்ஸ் என்ற விளம்பரத்தைத் தொட்டு, ஏதோ ஒரு குரூப்பில் சேர்ந்து, பணத்தை இழந்தவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்வதில்லை.

சங்கங்களிடம் நான் கேட்பதற்கு முன்மாதிரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் ஒரு காலத்தில் கடனுக்கும் கிடங்குக்கும் விற்பனைக்கும் வெளி வியாபாரிகளையே நம்பி இருந்தார்கள். அவர்கள் சொன்னதுதான் விலை. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிடங்கு வந்தது, சரக்கின் பேரில் முன்பணம் வந்தது, டெண்டரில் விற்பனை வந்தது. குறைகள் உண்டு. ஆனாலும் சந்தையின் சாவி விற்பவர்கள் கைக்கும் வந்தது. சேலைக்கும் கொலுசுக்கும் ஏற்காட்டு அறைகளுக்கும் சங்கத்தின் பெயரில் சொந்த இணையதளம், பொதுவான ஆர்டர் பதிவேடு, வாடிக்கையாளர் பட்டியல் ஏன் இருக்கக்கூடாது? இன்ஸ்டாகிராமை விடச் சொல்லவில்லை. அது முடங்கும் நாளில் ஆர்டர் எடுக்க இன்னொரு இடம் வேண்டும்.

கணக்கு முடங்கியவர்களுக்குச் சங்கம் உடனே செய்யக்கூடிய உதவியும் இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு பெரிய தளத்துக்கும் இந்தியாவில் குறைதீர் அதிகாரி இருக்கவேண்டும். புகாரை 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்து, 7 நாளுக்குள் (2026 பிப்ரவரி திருத்தத்துக்கு முன் 15 நாள்) தீர்வு சொல்லவேண்டும். கணக்கை முடக்கியதும் இந்தப் புகாரில் சேரும். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியே போகலாம். என்னிடம் வருபவர்களில் பலருக்கு இது தெரியவில்லை. புகாரைத் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கச் சங்க அலுவலகத்தில் ஒருவரை உட்கார வையுங்கள்.

பெரிய வேலை டெல்லியில் இருக்கிறது. குற்றம் நடந்து மூன்றரை வருஷம் கழித்து அபராதம் போடுவதற்குப் பதிலாக, பெரிய தளங்களுக்கு முன்கூட்டியே கட்டுப்பாடு வைக்கும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. இன்னும் சட்டமாகவில்லை. கம்பெனிகள் தங்கள் எதிர்ப்பைச் சொல்லிவிட்டன. தறிக்காரர், கொலுசுக்காரர் குரல் அங்கே போய்ச் சேரவேண்டும். வியாபாரக் கணக்கை மூடுமுன் காரணம் சொல்லி முன்னறிவிப்பு, பேச ஒரு மனிதர், வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு போகும் உரிமை: இந்த மூன்றையும் தீர்மானமாகப் போட்டு, கம்பெனி விவகார அமைச்சகத்துக்கும் நம் எம்.பி.க்களுக்கும் அனுப்புங்கள்.

அடுத்த பொதுக்குழு அஜெண்டாவில் இதைச் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சம்மதம் தரும் உறுப்பினர்களின் விளம்பரச் செலவுக் கணக்கைப் பெயர் இல்லாமல் தொகுத்து நானே கொண்டுவருகிறேன். கூலி வேண்டாம். தேதி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் கணக்கை எழுதும் ஒருவர்