ஏட்டி செண்பகம், உன் பேச்சைக் கேட்டேன்

சான் ஹோசே
5 டிசம்பர் 2025

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. அண்ணாச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது கேட்டு நிம்மதி. பதில் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை, ஊரில் இல்லை. நவம்பர் கடைசி விடுமுறையில் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் கவாய் தீவுக்குக் கூட்டிப் போனான். ஹவாய் இல்லை, கவாய். ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் வடமேற்கு ஓரமாக இருக்கிறது. எழுத்துப் பிழையோ என்று இவர் டிக்கெட்டை இரண்டு தடவை பார்த்தார்.

நம் தென்காசி மாவட்டத்தில் பாதிதான் இருக்கும் அந்தத் தீவு. ஆனால் காரில் முழுதாகச் சுற்றி வர முடியாது. வடமேற்கில் நா பாலி என்று செங்குத்து மலைகள் கடலுக்குள்ளேயே இறங்கி நிற்கின்றன. அதனால் சாலை வடக்கே ஓரிடத்தில் முடிகிறது, மேற்கே ஓரிடத்தில் முடிகிறது. ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குப் போக, வந்த வழியே திரும்பிப் பெரும்பாலான தீவைச் சுற்ற வேண்டும்.

முதல் நாள் மேற்கே, வைமேயா பள்ளத்தாக்குக்குப் போனோம். சாலை ஏற ஏற ஒரு பக்கம் மண் சிவந்துகொண்டே போகிறது. நம் தேரிக்காட்டு மண்ணேதான்! சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமியை யாரோ அரிவாளால் கீறிப் போட்ட மாதிரி இருக்கிறது. எதிர்ச்சுவரில் வைபோஓ அருவி, 800 அடி என்றார்கள், தூரத்திலிருந்து பார்க்க வெள்ளைத் துணி காயப் போட்டது போல. தீவின் நடுவில் இருக்கும் வையாலேஅலே மலையில் வருஷத்துக்குச் சுமார் 10 மீட்டர் மழையாம். அதற்கு மேற்கே, மலை மறைக்கிற பக்கத்தில், காய்ந்த புல்லும் முள்மரமும்தான். அந்த முள்மரம் நம் சீமைக்கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. செங்கோட்டையில் சாரல் அடிக்கும்போது சங்கரன்கோவில் காய்ந்து கிடக்குமே, அதே கதை. அவர்கள் ஊரில் 'வை' என்றால் தண்ணீர். அதனால்தான் பாதிப் பெயர்கள் வையில் தொடங்குகின்றன. வைகைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று இவர் ஆரம்பித்தார், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

சாலை முடிகிற இடத்தில் கலலாவ் என்ற பள்ளத்தாக்கு, 4,000 அடி உயரத்திலிருந்து கடலைப் பார்க்கலாம். பார்க்கலாம் என்று எழுதுகிறேனே தவிர, முக்கால் மணி நேரம் மேகத்தைத்தான் பார்த்தோம். பிறகு இரண்டு நிமிஷம் திறந்தது. கூட இருந்தவை கோழிகள். தீவு முழுக்கக் கோழி. கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்க 1883இல் மற்றத் தீவுகள் சிலவற்றுக்குக் கீரியைக் கொண்டுவந்தார்களாம். கவாயில் கீரி நிலைக்கவில்லை, அதனால் கோழிக்கு ராஜ வாழ்வு.

வைலுவா அருவிக்கு நடக்கவே வேண்டாம், காரை நிறுத்தி எட்டிப் பார்த்தால் போதும். இரண்டு தாரையாக விழுகிறது. அழகுதான். ஆனால் கீழே இறங்கக் கூடாது என்று பலகை. அருவியைப் பார்த்துவிட்டுத் தலை நனையாமல் காரில் ஏறியது எனக்கு என்னவோ பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்த மாதிரி இருந்தது.

அதே வைலுவாவில்தான் இறைவன் கோயில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949இல் தீட்சை பெற்ற சுப்பிரமுனியசுவாமி என்ற அமெரிக்கர் தொடங்கிய சைவ மடம். கணபதி ஸ்தபதி வரைந்த கோயில், கல்லெல்லாம் பெங்களூர்ப் பக்கம் செதுக்கிக் கப்பலில் வந்தது, 2023இல் கும்பாபிஷேகம். உள்ளே ஸ்படிக லிங்கம். வெளியே ருத்திராட்ச மரங்கள். ஏட்டி, ருத்திராட்சப் பழம் நீல நிறம், உனக்குத் தெரியுமா? எனக்கு இந்த வயசில்தான் தெரிந்தது.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் வடக்கே போனோம். ஹனலேய் ஊருக்கு முன்னால் மேட்டிலிருந்து பார்த்தால் வயல் வயலாகத் தண்ணீர் நிற்கிறது. நெல் என்று நினைத்தேன், சேம்பு! அதை அவித்துப் பிசைந்து 'போய்' என்று சாப்பிடுகிறார்கள், புளித்த கஞ்சி மாதிரி ருசி. அங்கிருந்து பாலங்களெல்லாம் ஒற்றை வழி, 1912இல் கட்டியதும் ஒன்று. இந்தப் பக்கம் ஐந்தாறு கார் போனதும் நின்று அந்தப் பக்கத்துக்கு வழிவிட வேண்டும். சிக்னல் இல்லை, போலீஸ் இல்லை, கையை அசைத்துவிட்டுப் போகிறார்கள். 2018 ஏப்ரலில் பக்கத்து வைபாவில் ஒரே நாளில் 126 சென்டிமீட்டர் மழை கொட்டி, மலை சரிந்து, அந்தச் சாலை ஒரு வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. நம் காயல்பட்டினத்தில் 2023இல் பெய்த 95 சென்டிமீட்டருக்கே நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதல்லவா?

சாலை முடிகிற கடற்கரையிலிருந்து ஹனகாபியாய் அருவிக்கு நடைபாதை. ஓடை வரை 3.2 கிலோமீட்டர், அங்கிருந்து அருவிக்கு இன்னொரு 3.2. வெளி மாநிலத்தவரில் முன்பதிவு செய்தவர்களை மட்டும்தான் விடுகிறார்கள். இவர் முழங்காலைக் காட்டிக் கடற்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பிள்ளையும் வழுக்குச் சேற்றில் இரண்டு மணி நேரம் நடந்தோம். ஓடைக்குப் பாலம் கிடையாது, கல்லுக்குக் கல் தாவித்தான் கடக்க வேண்டும். எலிக்காய்ச்சல் வரும், தண்ணீரைக் குடிக்காதே என்று அறிவிப்பு. அக்கரையில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். தலைக்கு மேல் நல்ல வெயில்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். ஓடையில் பச்சை இலை மிதந்து வந்தது. ஒன்றிரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக. நான் கால் வைத்து வந்த தட்டைக்கல்லைப் பார்த்தேன், பாதி முங்கியிருந்தது. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பழைய குற்றாலத்தில் நீ என் சடையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாயே, பதினாறு வயசில். "தண்ணி நிறம் மாறுச்சுன்னா துண்டக்கூட எடுக்காத, ஏறிரு" என்று கத்தினாயே. நானும் அதையேதான் கத்தினேன், உன் குரலிலேயே. அருவி இன்னும் ஒரு மணி நேரம்தானே அம்மா என்றான். நான் பதில் பேசாமல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிட்டேன். முழங்கால் வரை இழுத்தது. புளியோதரை டப்பா அக்கரையிலேயே கிடந்தது.

இக்கரையில் ஏறிக் கால் மணி நேரம் இருக்கும், ஓடை செங்காவியாகப் பொங்கி வந்தது. அக்கரையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள், வடிகிற வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். பிள்ளை ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. போன வருஷம் மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போனதை நீ எழுதியிருந்தாய், அதைத் திரும்பும் வழியில் அவனிடம் சொன்னேன்.

ஆக, 300 அடி அருவியைப் பார்க்கவில்லை. போனில் படம் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் வருகிறேன். பேரருவியில் அப்போது நூலாகத்தான் விழும், தெரியும். இருந்தாலும் நல்லெண்ணெய் வாங்கி வை. அண்ணாச்சியிடம் சொல்லிவிடு, அன்றைக்குச் சமையல் அவர் பாடு.

உன்,
வடிவு