பாப்டிஸ்டு சபையாரும் 'தன்னிச்சை'யும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் ஞாயிறு இணைப்பில் கிறிஸ்தவ சபைப் பிரிவுகளைப் பற்றி வெளியான கட்டுரை, பாப்டிஸ்டு சபையாரை 'மனம்போல் நம்பிக்கொள்ளும் தன்னிச்சைக்காரர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அச்சபையில் வளர்ந்தவன் என்ற முறையில் இதற்கு மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் முதல் பாப்டிஸ்டு சபையை லண்டன் மதிலுக்கு வெளியே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் கூட்டிய தாமஸ் ஹெல்விஸ், 1612-இல் ஒரு நூல் எழுதி, அதன் படியொன்றில் முதலாம் ஜேம்ஸ் அரசருக்குத் தம் கைப்பட ஒரு குறிப்பும் எழுதினார். அரசர் சாகும் இயல்புள்ள மனிதரேயன்றிக் கடவுள் அல்லர். ஆகவே குடிகளின் அழியாத ஆன்மாவின்மேல் அவருக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம். நூலுக்குள் அவர் காட்டும் காரணம்தான் கவனிக்கத்தக்கது: ஒருவனுடைய சமயம் அவனுக்கும் கடவுளுக்கும் இடைப்பட்டது, அதற்காக அரசர் பதில் சொல்லப் போவதில்லை. இந்த நியாயத்தைத் தம் கூட்டத்தாருக்கு மட்டும் ஒதுக்கிக்கொள்ளாமல், வேதப்புரட்டருக்கும் துருக்கருக்கும் யூதருக்கும் சேர்த்தே கேட்டார். நியூகேட் சிறையில் அடைக்கப்பட்ட அவர் 1616-க்குள் இறந்துபோனார். மனம்போன போக்கில் வாழ விரும்புகிறவன் அரசரோடு வம்புக்குப் போவானா?

குழந்தை ஞானஸ்நானத்தை நாங்கள் ஏற்காததும், அவரவர் விசுவாசத்துக்கு அவரவரே கடவுளிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற இதே காரணத்தால்தான். என் பதினாறாம் வயதில், ஞானஸ்நானம் பெறத் தொட்டித் தண்ணீரில் மார்பளவு நின்றபோது, விசுவாசத்தைக் குறித்துப் போதகர் கேட்ட கேள்விக்கு நான் தடுமாற, படியோரம் நின்ற அம்மா "ஆமாங்கய்யா" என்று முந்திக்கொண்டார். போதகர் திரும்பிப் பாராமலே, "தம்பி சொல்லட்டும்மா" என்று காத்திருந்தார். "ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்" என்ற ரோமர் 14:12 வசனம் அதுவரை எனக்கு ஓய்வுநாள் பள்ளி மனப்பாடம் மட்டுமே.

சபையார் இதில் தவறியதே இல்லை என்று சாதிக்க மாட்டேன். அடிமைகளை வைத்திருப்போர் மிஷனரிகளாகலாமா என்ற தகராறில், 1845-இல் அமெரிக்கத் தென்மாநில பாப்டிஸ்டுகள் தங்கள் உரிமையை முன்வைத்துத் தனி அமைப்பாகப் பிரிந்தார்கள். பருத்திக் காட்டில் நின்றவனுடைய உரிமை அவர்கள் பேச்சில் வரவில்லை. அதற்கு அவ்வமைப்பு மன்னிப்புக் கேட்டது 1995-இல்தான். கட்டுரையாளர் இதை எடுத்துக்காட்டியிருந்தால் என்னிடம் மறுமொழி இருந்திராது. 'தன்னிச்சை' என்ற சொல்லுக்கு மட்டும் திருத்தம் வெளியிடக் கோருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்