வீட்டுப் படிப்பைப் பற்றி எஸ்தருக்கு

தண்டையார்பேட்டை,
சென்னை - 81.

அன்புள்ள எஸ்தர்,

ஸ்தோத்திரம். நீங்கள் குடும்பத்தோடு டெக்சாஸை விட்டுவிட்டுப் பெரம்பூருக்கே வந்து தங்கப் போகிறீர்கள் என்று படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது யார் உதவியும் இல்லாமல் தானே வேதம் வாசிக்கிறார்கள். இவருக்கு வேலை அதே கன்டெய்னர் யார்டில்தான், ஷிப்ட் மட்டும் மாறியிருக்கிறது. பெரியவள் ப்ளஸ் ஒன் போய்விட்டாள். அவள் பள்ளிக்கூடம் போகிறாள், ஜோயல் வீட்டில் படிக்கிறான், ஒரே வீட்டில் இது எப்படி என்று கேட்டிருந்தாய் அல்லவா? உன் மகளை இங்கேயும் வீட்டிலேயே படிக்க வைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்.

முடியும். ஆனால் அங்கே உன் சபையில் பாதிக் குடும்பங்கள் செய்வதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே தெருவே கேட்கும். ஜோயலை நிறுத்தியபோது என் மாமியார் முதலில் கேட்டது, "ஃபீஸ் கட்ட முடியலையா?" எதிர்வீட்டு அக்கா பிள்ளைக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். சபையில் ஒரு மூப்பர் கேட்டதுதான் மனதில் நின்றது. "மிஷனரிமார் பள்ளிக்கூடம் கட்டித்தானம்மா நம்ம ஜனங்களை எழுத்துப் படிக்க வைத்தார்கள். நீங்கள் பிள்ளையை அதிலிருந்து வெளியே எடுக்கிறீர்களே?"

நியாயமான கேள்வி. 1707-லேயே தரங்கம்பாடியில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர்கள் அவர்கள். நம்ம பாரிமுனைப் பக்கம் அரண்மனைக்காரத் தெருவில் 1837-இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளிதான் வளர்ந்து கிறிஸ்தவக் கல்லூரி ஆகி, நூறு வருஷம் கழித்துத் தாம்பரத்துக்குப் போனது. திண்ணைப் பள்ளியில் உட்கார இடம் கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு மிஷன் பள்ளி பெஞ்சு போட்டுக் கொடுத்தது. உன் பாட்டியும் என் பாட்டியும் கையெழுத்துப் போடக் கற்றது அப்படித்தான். அதனால் பள்ளிக்கூடத்தைக் குறைத்துப் பேசி வீட்டுப் படிப்பை உயர்த்த எனக்கு மனம் வராது.

அமெரிக்காவில் கிறிஸ்தவர்கள் பிள்ளைகளை வெளியே எடுத்ததற்கு வேறு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1962, 1963 தீர்ப்புகளோடு அங்கே அரசுப் பள்ளிகளே நடத்திவந்த ஜெபமும் வேத வாசிப்பும் நின்றன. அந்த வருத்தமும் பல காரணங்களில் ஒன்றாகி, பிறகு மாநிலம் மாநிலமாக வழக்குப் போட்டு உரிமை வாங்கினார்கள். உங்கள் டெக்சாஸில் 1994-இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. இங்கே நிலைமை அப்படி இல்லை. மிஷன் பள்ளி அசெம்பிளியில் இன்றைக்கும் ஜெபம் நடக்கிறது. நமக்கு வேதபாடம், மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி என்று தனித்தனி பீரியடு நாம் படித்த நாளிலிருந்தே உண்டு. ஆகவே அங்கே சொல்கிற காரணத்தைப் பெட்டியில் வைத்து எடுத்து வராதே.

எங்கள் காரணம் நேரம். ஜோயல் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது காலையில் வேன் ஏறுவான், சாயங்காலம் வந்ததும் டியூஷன், எட்டு மணிக்கு வந்து ஹோம்வொர்க். குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தால் சங்கீதம் முடிவதற்குள் என் மடியில் தூங்கிவிடுவான். உபாகமம் 6-ஆம் அதிகாரத்தை எத்தனை தடவை ஒப்பித்திருப்போம்! வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பிள்ளைகளோடு பேசு என்கிறது. எங்கள் வீட்டில் அந்த நாலு வேளையையும் வேனும் டியூஷனும் எடுத்துக்கொண்டன. பாடமும் ஏறவில்லை. வாய்ப்பாடு தெரியும், ஆனால் அரைக் கிலோ நெத்திலி கிலோ 240 ரூபாய் கணக்கில் எவ்வளவு என்றால் முழிப்பான். அவன் மெதுவாகப் பிடித்துக்கொள்கிற பிள்ளை. ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் மெதுவான பிள்ளைக்காக யாரும் நிற்க முடியாது, அதற்கு டீச்சரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பெரியவள் அப்படி இல்லை. அவளுக்குக் கூட்டம் வேண்டும், போட்டி வேண்டும், சிநேகிதிகள் வேண்டும். அவளை நிறுத்தியிருந்தால் வாடிப்போயிருப்பாள். காலையில் அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுகிற அந்த வழியிலேயே இரண்டு பேரும் எல்லாவற்றையும் பேசிக்கொள்கிறார்கள். அவளுடைய விசுவாசம் ஜோயலுடையதைவிடக் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. இதை நீ கவனிக்க வேண்டும் எஸ்தர். பிள்ளைக்கு வசனத்தைச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு பெற்றோருடையது. பிள்ளை பள்ளிக்குப் போனாலும் நம்மேல்தான், போகாவிட்டாலும் நம்மேல்தான். தீமோத்தேயுவுக்கு விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது. தானியேல் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் பாபிலோனில் கற்றும் தானியேலாகவே இருந்தான். எங்கே படிப்பது என்பதை அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

உன் கடிதத்தில் ஒரு வரி எனக்குக் கவலையாக இருந்தது. வேறு பிள்ளைகளோடு சேர்ந்து கெட்டுப்போய்விடுவாளோ என்ற பயத்தில்தான் வீட்டில் வைத்திருக்க நினைப்பதாக எழுதியிருந்தாய். நம் வகுப்பை நினைத்துப் பார். மண்ணடியிலிருந்து வந்த ஃபாத்திமா நோன்பு நாளில் பட்டினியாக இருந்துகொண்டே நமக்குச் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டிருப்பாள். நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்த கணக்கு டீச்சர்தான் உனக்கு ப்ளஸ் டூ பரீட்சை ஃபீஸ் கட்டினார்கள். அவர்களால் நாம் கெட்டோமா? பயத்துக்காக வீட்டில் வைத்தால் பிள்ளை பயத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். சபைப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரையும் தெரியாமல் அவள் இந்த ஊரில் எப்படி வாழ்வாள்?

ஜோயலை நான் சாயங்காலம் தெருமுனை கேரம் கிளப்புக்கு அனுப்புகிறேன். நம்ம ஏரியாவில் கேரம் என்றால் சும்மா இல்லை, தெரியுமா? புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவுக்கே வந்து உலகப் போட்டியில் 3 தங்கம் வாங்கிப் போனாள். அன்றைக்கு இங்கே எல்லாத் தெருவிலும் பேச்சு அதுதான். கிளப்பில் எல்லா வீட்டுப் பையன்களும் வருகிறார்கள். தோற்றுவிட்டுச் சிரிக்க அவன் அங்கேதான் கற்றுக்கொண்டான்.

இனி சட்டம். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லே சட்டத்தில் இல்லை. 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு, விரும்பி வீட்டிலேயே படிப்பிக்கிற பெற்றோர் தொடரலாம், இந்தச் சட்டம் குறுக்கே வராது என்று எழுத்தில் சொன்னது. அவ்வளவுதான் நமக்குப் பிடிமானம். உங்கள் ஊர் போல உறுதியான தீர்ப்பு இல்லை.

ஒவ்வொரு வருஷமும் பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீடு வீடாக வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு மாநகராட்சிப் பள்ளி டீச்சர் வந்தார்கள். உட்கார வைத்து டீ கொடுத்து ஜோயலின் நோட்டுகளை எல்லாம் காட்டினேன். பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேலைக்கு அனுப்பிட்டீங்களோன்னுதான் கேட்க வந்தேன்மா" என்றார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் வந்தது. இந்தப் பக்கத்தில் பட்டறைக்கும் மீன் ஏலத்துக்கும் போய்விடுகிற பிள்ளைகளைத் தேடி அலைகிறவர்கள் அவர்கள். யாராவது வந்தால் கதவைச் சாத்தாதே.

அங்கே நீங்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து சபை ஹாலில் வகுப்பு நடத்துகிறீர்களே, அதை மட்டும் இங்கே தொடங்கிவிடாதே. வாரத்தில் ஒருநாள் பிள்ளைகள் கூடி அறிவியல் சோதனை செய்வது வேறு. தினமும் மணியடித்து நடத்தினால் அது அங்கீகாரம் இல்லாத பள்ளி. அதற்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் தொடங்கிப் போதகரையும் சபையையும் சிக்கலில் விட வேண்டாம்.

பரீட்சைக்கு இரண்டு வழி. ஒன்று, நம்ம மாநில அரசுத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதில் பாஸாகி, பதினாலரை வயது ஆனதும் பத்தாம் வகுப்பு. அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்து ஒரு பள்ளியில் பயிற்சிக்குப் போக வேண்டும். அதை மறந்தவர்கள் தேர்வு சமயத்தில் தவித்திருக்கிறார்கள். தமிழ்த் தாளும் எழுத வேண்டும். 2006-இல் வந்த சட்டம் அது. இன்னொரு வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ் என்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று நிலை உண்டு. 3, 5, 8-ஆம் வகுப்புக்குச் சமம். 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். 5 பாடம், வருஷத்துக்கு இரண்டு பரீட்சை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுத வேண்டாம், 5 வருஷத்துக்குள் ஒவ்வொன்றாக முடித்தாலும் போதும். ஓவியமும் மனையியலும்கூடப் பாடமாக எடுக்கலாம். மெதுவான பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். ஜோயலுக்கு இதைத்தான் யோசித்து வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். ஒரு வருஷம் பார்த்துவிட்டுச் சரிப்படவில்லை என்றால், 14 வயதுக்குள் எந்த அரசுப் பள்ளியும் வயதுக்கேற்ற வகுப்பில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டாக வேண்டும். அதுவும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. கதவு மூடிப்போவதில்லை.

அங்கே வாங்கிய பாடப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றாதே. சென்ட்டும் பவுண்டும் மைலும் வைத்துக் கணக்குப் போட்டுப் பழகினால் பிள்ளை கடையில் நின்று என்ன செய்வாள்? தமிழ்நாடு பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2018-க்குப் பிறகு வந்தவை பார்க்கவும் படிக்கவும் நன்றாக இருக்கின்றன. நான் அதையே முதுகெலும்பாக வைத்துக்கொண்டு மற்றதைச் சுற்றிலும் தேடிக்கொள்கிறேன். கணக்குக்குக் காசிமேடு மீன் சந்தை. தமிழ் வாசிப்பு அம்மாவோடு, ஆளுக்கு ஒரு வசனமாக வேதத்தில். எண்ணூர் கழிமுகத்துக்கு அவனை அடிக்கடி கூட்டிப்போகிறோம். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து அலையாத்திச் செடிகள் இடுப்பளவு கறுத்து நின்றதைப் பார்த்துவிட்டு, "ஆண்டவர் நல்லதுன்னு கண்டதை யாரும்மா இப்படிப் பண்ணாங்க?" என்று கேட்டான். ஆதியாகமம், வேதியியல், கொசஸ்தலை ஆறு, மீன்பிடிக்கிறவர்களின் வயிற்றுப்பாடு என்று அன்றைக்கு இரவு முழுக்க அதே பேச்சு. இரவு பேச நேரம் இருந்தது என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை.

இதற்கு விலை உண்டு, மறைக்க மாட்டேன். என் சம்பளம் போனது. இப்போது வீட்டிலிருந்தே இரண்டு கடைக்குக் கணக்கு எழுதித் தருகிறேன், பழைய வருமானத்தில் பாதிகூட வராது. இவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிற நேரத்தில் சத்தமில்லாமல் பாடம் நடத்த வேண்டும். அம்மா வீட்டில் இல்லாவிட்டால் என்னால் முடிந்திருக்காது. உங்கள் வீட்டில் யார் எந்த வேலையைக் குறைத்துக்கொள்வது என்று நீயும் அண்ணனும் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு பேரும் ஐடி வேலையில் முழுநேரம் இருந்துகொண்டு, பிள்ளையைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துவிட்டு அதை வீட்டுப் படிப்பு என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

உன் மகளுக்கு இப்போது 11 வயது. தமிழ் பேசுகிறாள், எழுத வராது என்றாய். வந்ததும் முதல் ஆறு மாதம் வேறு எதையும் தீர்மானிக்காமல் தமிழில் இறங்கட்டும். மே மாதம் வந்தால் எங்கள் சபையில் விபிஎஸ், அதுதான் விடுமுறை வேதாகமப் பள்ளி, இருக்கிறது, அனுப்பிவை. பத்து நாளில் பாட்டும் பேச்சும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து மிஷன் பள்ளிக்கும் ஒருநாள் கூட்டிப்போய் வகுப்பு, மைதானம், மதியச் சாப்பாட்டு நேரம் எல்லாம் காட்டு. அப்புறம் அவளிடமே கேள். அவள் பள்ளிக்குப் போகிறேன் என்று சொன்னால் தடுக்காதே, உபாகமம் 6 அப்போதும் உன் கையில்தான் இருக்கும். வீட்டில்தான் என்றால் செவ்வாய், வியாழனில் ஜோயலோடு வந்து உட்காரட்டும், கணக்கையும் அறிவியலையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தை நீ அவனுக்குச் சொல்லிக்கொடு.

அவளுடைய பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, இதுவரை எழுதிய நோட்டுகள் எல்லாவற்றையும் கைப்பெட்டியிலேயே வை. எந்த வழியில் போனாலும் அவை வேண்டியிருக்கும். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. அண்ணனுக்கும் பிள்ளைக்கும் எங்கள் அன்பைச் சொல். அம்மா உன்னைத் தனியாக விசாரித்தார்கள்.

அன்புடன்,
கிரேஸ்